விறைத்துப் போன கை

வலது கையில் இரத்த நாளம் எதுவும் தேறாது என்று ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இடது கையில் இரண்டு இருந்தன. முழங்கை மடிப்பில் ஓடியது தடித்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஓடியது மெல்லியது, தையல் நூலைவிடக் கொஞ்சம் பெரிது. ஆக, என் கையிருப்பு இரண்டு. மிசிசாகாவில் ஒரு களஞ்சியத்தில் பதினேழு வருடம் பெட்டி எண்ணியவன் நான். கையிருப்பு இரண்டாகக் குறைந்தால் அன்றைக்கே அடுத்த ஓடருக்குச் சொல்லிவிடுவோம். இதற்கு யாரிடம் சொல்வது?

நீரிழிவு என்னுடைய சிறுநீரகங்களை மெதுவாகத் தின்று முடித்துக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் தொடங்க வேண்டிய நாள் தூரத்தில் இல்லை. அதற்கு முன்பு கையில், இரத்தத்தைக் கொண்டுவருகிற ஒரு நாடியையும் திருப்பிக் கொண்டுபோகிற ஒரு நாளத்தையும் ஒன்றாகத் தைத்துவிடுவார்கள். நாடியின் வேகமான இரத்தம் நாளத்துக்குள் பாயப் பாய நாளம் தடிக்கும், பிறகு பெரிய ஊசிகளை அதில் ஏற்றலாம். தடித்து வர மாதக் கணக்கில் ஆகும். அது சரிவராவிட்டால் கழுத்தில் ஒரு பிளாஸ்ரிக் குழாய். அதில் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம் என்று தாதி எச்சரித்தார். நான் தலையாட்டினேன். ஆனால் நான் பயந்தது கிருமிக்கு அல்ல. கழுத்துக் குழாய் சட்டைக் கொலருக்குள் மறையாது. பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

என் சிறுநீரக வருத்தத்தை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும், பிறம்ரனில் இருக்கும் மகளுக்குத் தெரியும். அவ்வளவுதான். டயாலிசிஸ் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் வந்ததும் ஆட்கள் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்குவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிப் பேசியவன்தான். வெளியே வந்து லிப்ற்றுக்குக் காத்து நிற்கும்போது, ஆள் இனிக் கனகாலம் இல்லை என்று மனைவியிடம் கணக்குச் சொன்னவன். அந்த லிப்ற்றில் என்னைப் பற்றி யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது. மகளின் மாமனார் வீட்டாருக்கு, கையில் ஒரு சின்னக் கட்டி, வெட்டி எடுக்கிறார்கள் என்று சொல்லும்படி மகளிடம் சொல்லி வைத்தேன்.

முழு மயக்கம் கொடுக்க மாட்டோம், கையை மட்டும் விறைக்கச் செய்வோம் என்றார் மயக்க மருந்து மருத்துவர். என் மகளைவிட இளைய பெண். கழுத்தோரமாக, தோள் எலும்புக்கு மேலே ஒரு ஊசி. அங்கே கைக்குப் போகிற நரம்புகள் கட்டாகச் சேர்ந்து கிடக்கின்றன. அந்த நரம்புகள் வலியை மட்டும் கொண்டு போவதில்லை, கையிலுள்ள இரத்தக் குழாய்களை எந்நேரமும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டும் இருக்கின்றன. மருந்து பட்டதும் அந்தப் பிடி தளரும், குழாய்கள் விரியும், இரத்தம் தாராளமாக வரும், கை சூடாகும். வலி தெரியாமல் இருப்பது ஒரு நன்மை, நாளம் பெரிதாவது இன்னொரு நன்மை என்று அவர் இரண்டு விரல்களை நீட்டிக் காட்டினார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இதை மனைவிக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு வேறு. பள்ளிக்கூடத்தில் நாடி, நாளம், நரம்பு என்று மூன்றாகப் படித்தோம். வீட்டில் எல்லாமே நரம்புதான்.

"நரம்பை விறைக்கப் பண்ணினா நரம்பு எப்பிடி வீங்கும்?" என்று கேட்டாள்.

"அது வேற நரம்பு, இது வேற நரம்பு."

"அப்ப ஏன் ரெண்டையும் ஒரே பேரில கூப்பிடுறியள்?"

அவள் கேட்டது நியாயம்.

சத்திர சிகிச்சை காலையில். மகள் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்து எங்களை ஏற்றிப் போனாள். என்னைத் தள்ளுகட்டிலில் ஏற்றி உள்ளே கொண்டுபோன பிறகு, தாதி ஒருவர் ஒரு சிறிய திரையைக் கட்டிலின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளராம். என் கோப்பில் தாய்மொழி தமிழ் என்று இருக்கிறதாம். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றேன். தெரியும், ஆனாலும் மயக்க மருந்து விஷயத்தில் இதுதான் ஒழுங்கு என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறந்த நாட்டில் ஆங்கிலத்திலேயே பரீட்சை எழுதி, ஆங்கிலத்திலேயே கந்தோர் வேலை பார்த்தவனுக்கு இந்த நாட்டில் ஒரு மொழிபெயர்ப்பாளர். சரி, தமிழ்தானே வேண்டும், தருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு ஆங்கிலச் சொல்லும் பேசவில்லை.

திரையில் முகம் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. தமிழ்நாட்டுப் பெண்குரல், மரியாதையான குரல். ஊசி போட்டு, நான் கூரையில் இருந்த பலகைகளை எண்ணி முடித்து, அவற்றில் கறை பிடித்தவற்றைத் தனியாக எண்ணத் தொடங்கியபோது மருத்துவர் என் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். குரல் அதை எனக்குத் தந்தது.

"கை எப்படி இருக்குங்க சார்?"

"விறைச்சுப் போச்சு" என்றேன்.

குரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு, கை குளிரில் உறைந்தது போல் இருப்பதாக, விறைத்து நிற்பதாக இவர் சொல்கிறார் என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னது.

மருத்துவரின் முகம் மாறிற்று. கை சூடாக வேண்டிய நேரத்தில் குளிர்கிறது என்றால் இரத்தம் போகவில்லை என்று பொருள். கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். வலது கையையும் பிடித்து ஒப்பிட்டார். விரலில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். எனக்கு எல்லாம் விளங்கியது. யாழ்ப்பாணத்தானுக்குக் கால் மரத்துப் போனாலும் விறைப்புத்தான், பனியில் நின்று விரல் நொந்தாலும் விறைப்புத்தான். சென்னைக்காரிக்கு இரண்டும் இரண்டு சொல். அந்த ஒரு சில கணங்கள் அவர்களைத் தவிக்கவிட்டுக் கிடந்துவிட்டு, மரத்துப்போயிற்று என்பதைத்தான் அப்படிச் சொன்னேன் டொக்டர், மொழிபெயர்ப்பில் பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். குரலும் மன்னிப்புக் கேட்டுச் சிரித்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கை உண்மையில் நன்றாகச் சூடாகியிருந்தது. சத்திர சிகிச்சை நிபுணர் வந்து ஸ்கானை ஓட்டிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டு நாளம் நன்றாக விரிந்திருக்கிறது, அதிலேயே தைத்துவிடலாம், முழங்கையில் உள்ளதைப் பிறகு தேவைப்பட்டால் எடுக்கலாம் என்றார். நூல் அளவு இருந்தது ஈர்க்குச்சி அளவுக்கு வந்திருந்ததாம். கையிருப்பு இரண்டில் ஒன்று மிச்சம். அந்தச் சந்தோசத்தில், வெட்டுவதையும் தைப்பதையும் பற்றி நினைக்காமல் திரையில் ஓடிய என் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

போகும்போது தாதி மனைவியைக் கூப்பிட்டு அவளுக்குத்தான் பாடம் நடத்தினார். என் வலது கை விரல் நுனிகளுக்கு நீரிழிவால் சூடும் குளிரும் சரியாகத் தெரிவதில்லை. இடது கை அன்றிரவு வரை செத்த கை. ஆகவே மனைவியின் கைதான் தெர்மோமீற்றர். இரண்டு கை விரல்களையும் மாறி மாறித் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் நல்லது, குளிர்ந்தால் உடனே வர வேண்டும். கட்டுக்கு மேலே மெதுவாக விரலை வைத்தால் உள்ளே ஒரு அதிர்வு தெரியும், அது நிற்கக் கூடாது. இறுக்கமாக எதுவும் அந்தக் கையில் படக் கூடாது. மகள் மொழிபெயர்த்தாள். மனைவி விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இரைஞ்சுகொண்டு நிக்கிற பிறிட்ஜில கை வைச்ச மாதிரி அதிருது" என்றாள்.

வோபர்னில் எங்கள் அப்பாட்மென்ட் பதினோராம் மாடி. மகள் எங்களை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் பெனியனும் சாரமுமாக சோபாவில் சாய்ந்து, கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு கிடந்தேன். அந்தக் கையோடு பழகுவது சுலபமாக இல்லை. எழும்ப முயன்றபோது அது தலையணையிலிருந்து வழுக்கிப் போய்த் தேநீர்க் கோப்பையைத் தட்டி விழுத்தியது. யாரோ என் பக்கத்தில் இருந்துகொண்டு செய்தது போலிருந்தது. சாரம் அவிழ்ந்தபோது ஒற்றைக் கையால் அதை முடிய முடியவில்லை. மனைவி வந்து முடிந்துவிட்டாள். அவள் இடுப்பில் கையை வைத்து இழுத்து இறுக்கும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றும் நடந்தது. கழுத்துப் பக்கம் போட்ட மருந்து கொஞ்சம் மேலே பரவினால் அந்தப் பக்கத்துக் கண் இமை தொங்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குத் தொங்கிற்று. கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கம் நானாகவும் மறு பக்கம் குடித்துவிட்டு வந்த யாரோவாகவும் இருந்தேன்.

பின்னேரம் வரை மனைவி சொன்னபடி செய்தாள். என் பக்கத்தில் இருந்துகொண்டு, விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்திருந்து, பிறகு வலது கையைப் பிடித்துப் பார்த்து, "சூடாக் கிடக்கு" என்று சொல்வாள். கலியாணம் கட்டி நாற்பத்தாறு வருடம். நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் அல்ல. அவள் கை என் கையைப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு ஒன்றும் படவில்லை. ரீவியில் யாரோ யாருடைய கையையோ பிடித்திருப்பதைப் பார்ப்பது போல. அப்படியிருந்தும் எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டில் யாரும் இல்லை, யன்னலுக்கு வெளியே பதினோராம் மாடியின் ஆகாயம் மட்டும்தான். ஆனாலும் கூச்சம்.

கீழே வாசலிலிருந்து அழைப்பு மணி அடித்தது. சம்பந்தியும் அவர் மனைவியும். மிசிசாகாவிலிருந்து எங்கள் பக்கம், ஸ்காபரோவுக்கு, ஏதோ அலுவலாக வந்தவர்கள், நோயாளியை எட்டிப் பார்க்காமல் எப்படிப் போவது என்று வந்துவிட்டார்கள். பெண்ணைக் கொடுத்தவர்கள் நாங்கள். கலியாணம் முடிந்து இத்தனை காலத்தில் ஒரு நாளாவது நான் சம்பந்தியின் முன்னால் பெனியனோடு இருந்ததில்லை.

"சேட்டை எடும்" என்று சட்டைகள் தொங்கிய பக்கத்தைக் காட்டினேன்.

"நேர்ஸ் சொன்னவவெல்லே, இறுக்கமா ஒண்டும் போட வேண்டாம் எண்டு. ஒரு சால்வையைப் போத்துக்கொண்டு இருங்கோ. அவை என்ன வேற்றாக்களே?"

"வேற்றாக்களெண்டால் பரவாயில்லை. எடும்."

எங்கள் கட்டிடத்து லிப்ற்றுகள் மூன்றில் ஒன்று எப்போதும் வேலை செய்யாது. அவர்கள் கீழே லிப்ற்றுக்குக் காத்து நின்ற நேரம் எங்களுக்குப் போதுமாக இருந்தது. முழுக்கைச் சட்டை, வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு போட்டது. செத்த கையை அவள் சட்டைக் கைக்குள் நுழைத்து, அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தெடுத்தாள். முன்பக்கப் பொத்தான்கள் ஏழு. வலது கைப் பொத்தானைப் போட்டுவிட்டு நிறுத்திவிட்டாள்.

"இந்தக் கைப் பொத்தானை விடுவம்."

விட்டால் சட்டைக் கை திறந்து தொங்கும், உள்ளே மணிக்கட்டைச் சுற்றிய பெரிய வெள்ளைக் கட்டு தெரியும். கட்டிக்கு ஏன் மணிக்கட்டில் இவ்வளவு பெரிய கட்டு என்று கேட்பார்கள்.

"போடும்" என்றேன்.

அவள் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்து, பெருவிரலால் அமத்திப் பொத்தானை ஓட்டைக்குள் தள்ளினாள். எனக்கு நொந்திருந்தால் கத்தியிருப்பேன். நோவதற்கு அந்தக் கையில் யாரும் இல்லை. பிறகு சால்வையையும் போர்த்திவிட்டாள்.

சம்பந்தி நல்ல மனிதர், எதையும் பகிடியாக்குகிறவர். ஒரு பை நிறையத் தோடம்பழமும் வாழைப்பழமும் கொண்டுவந்தார்கள். இரண்டும் என்னுடைய சிறுநீரகத்துக்கு ஆகாது. அது அவர்களுக்குத் தெரியாது. நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னேன். சம்பந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை, ஒரு கண் நித்திரை, மற்றக் கண் முழிப்பு. ரெண்டும் முறை மாறியோ காவல்?" என்றார். அவர் மனைவி அவரை முழங்கையால் இடித்தார். நான் சிரித்தேன். அந்தக் கண்ணிலிருந்து அவர்கள் கவனத்தைத் திருப்ப வேண்டும் போலிருந்தது. ஆகவே காலையில் நடந்த மொழிபெயர்ப்புக் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் குரலின் தமிழைக் குரலாலேயே செய்து காட்டினேன். மருத்துவர் பயந்து போய்க் கையுறையைக் கழற்றியதைச் செய்து காட்ட எனக்கு ஒரு கைதான் இருந்தது, அதுவும் பகிடியாகப் போயிற்று. சம்பந்தி சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மனைவி எனக்குப் பக்கத்தில் சோபாவின் கையில் இருந்தாள். சிரிப்பு நடுவில் இருக்கும்போதே அவள் கை சால்வைக்குள் போயிற்று.

"விறைச்சுப் போய்க் கிடக்கு" என்றாள்.

சம்பந்திக்கு இன்னும் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தீங்களோ அக்கா போட்ட போடு. சரியான நேரத்தில."

"பகிடியில்லை. விரலெல்லாம் விறைச்சுக் கிடக்கு." அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"விறைக்கத்தானே ஊசி போட்டவை. சும்மா இரும்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவள் மரத்துப் போனதைச் சொன்னாளா குளிர்ந்து போனதைச் சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை என்று நான் சொல்லலாம். சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது என்று அப்போதுதானே எல்லோருக்கும் விளங்கப்படுத்தியிருந்தேன். ஆனால் மரத்துப் போனதா இல்லையா என்பது கைக்குச் சொந்தக்காரனுக்குத்தான் தெரியும். வெளியேயிருந்து தொட்டுப் பார்க்கிற ஒருத்தி விறைச்சுக் கிடக்கு என்று சொன்னால் அதற்கு ஒரு பொருள்தான் இருக்க முடியும். இது எனக்கு அப்போதே தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்த வாய்க்குப் பின்னால் எங்கேயோ தெரிந்தது. ஆனால் சம்பந்தியின் மனைவி சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி என் கையை எல்லோருக்கும் முன்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், அது அசையவில்லை. ஆகவே வலது கையால் அவள் கையை எடுத்து அப்பால் வைத்தேன்.

அவள் எழும்பித் தேநீர் போடப் போனாள். அவர்கள் குடித்தார்கள். சம்பந்தி இன்னொரு கோப்பை கேட்டார். அவருடைய முழங்கால் வலியைப் பற்றியும், பிறம்ரனில் வீட்டு விலையைப் பற்றியும் பேசினார். நான் சால்வைக்குள் கையை இன்னும் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். மனைவி குசினி வாசலில் நின்று என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை கிட்ட வந்தாள். இரண்டு தடவையும் நான் முறைத்துப் பார்த்தேன். தொங்கிய ஒரு கண்ணோடு எப்படி முறைத்திருப்பேனோ தெரியாது, ஆனால் அவள் திரும்பிப் போனாள்.

அவர்கள் போய்க் கதவு சாத்தியதும் அவள் ஓடி வந்து சால்வையை இழுத்தெறிந்தாள். பொத்தான் கழலவில்லை. கை வீங்கியிருந்தது. கத்தரிக்கோலால் நூலை வெட்டினாள். விரல்கள் ஐந்தும் நீலமாகவும் தடித்தும் இருந்தன. கட்டுக்குப் பக்கத்தில் தோலில் சட்டைக் கையின் ஓரம் கயிறு மாதிரிப் பதிந்திருந்தது. காலையில் இரத்தம் தாராளமாக வரட்டும் என்று திறந்துவிட்ட கை அது. வந்த இரத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் நான் வாசலைப் பூட்டிவிட்டேன். அவள் கட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு குனிந்து காதை வைத்தாள். கனநேரம் வைத்திருந்தாள்.

"சத்தமில்லை" என்றாள்.

பிறகு, "அவை இன்னும் லிப்ற்றடியிலதான் நிப்பினம். கூப்பிடுறன், காரில கொண்டுபோய் விடுவினம்" என்று போனை எடுத்தாள்.

வேண்டாம் என்றேன். கட்டிக்கு என்ன அவசரம் என்று கேட்பார்கள். ராக்சிக் கொம்பனிக்குப் போன் அடிக்கச் சொன்னேன். அது வரச் சுணங்கியது. நாங்கள் கீழே வாசலில் காத்துக்கொண்டு நின்றபோது, வெளித் தரிப்பிடத்தில் சம்பந்தி காரின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நான் தூணுக்கு இந்தப் பக்கமாகத் தள்ளி நின்றேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த மருத்துவர் வேறொருவர், மெலிந்த பொடியன். பேனை மாதிரி ஒரு கருவியைக் கட்டின் அருகே வைத்து அழுத்தி, நகர்த்தி, திரும்ப வைத்தார். இரைச்சல் மட்டும் கேட்டது. இரத்தம் உறைந்து அடைத்துவிட்டது போலிருக்கிறது என்றார். கையில் ஏதாவது இறுக்கமாகக் கட்டினீர்களா, எதற்கும் கீழே கை அகப்பட்டதா என்று என்னைக் கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு அந்தக் கையில் உணர்ச்சி இல்லை, ஆகவே எனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதில் முதற்பாதி உண்மை.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் என்னைப் பார்த்தாள். அவர் திரையைக் கொண்டுவரச் சொன்னார். இந்தத் தடவை வந்ததும் தமிழ்நாட்டுக் குரல்தான், ஆனால் வயதான ஒரு ஆணின் குரல். மருத்துவர் கேட்டதை அது அவளிடம் கேட்டது.

"நான்தான்" என்றாள் மனைவி. "ஆக்கள் வந்தவை. நான்தான் சேட்டைப் போட்டு பொத்தானையும் போட்டுவிட்டனான். அவருக்குத் தெரியாது. அவருக்குக் கை விறைப்பு."

குரல் அதை ஆங்கிலத்தில் வைத்தது. நானே சட்டையை அணிவித்துப் பொத்தானைப் பூட்டினேன், அவருக்கு அது தெரியாது, அவருடைய கை மரத்திருந்தது என்று. ஒரு சொல்லும் பிழையில்லை. விறைப்பு என்பதைக்கூட இந்தக் குரல் சரியாகப் பிடித்துவிட்டது. நான் அதைத் தமிழில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். மருத்துவர் அவளைப் பார்த்து, பரவாயில்லை அம்மா, இப்படி நடக்கும் என்று மென்மையாகச் சொன்னார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சொறி, சொறி" என்றாள்.

மருத்துவர் நிபுணரோடு பேச வெளியே போனார். மனைவி முகம் கழுவப் போனாள். திரையை யாரும் நிறுத்தவில்லை. அதில் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"ஹலோ" என்றேன்.

"சொல்லுங்க ஐயா."

"அவ போடமாட்டன் எண்டுதான் சொன்னவ. நான்தான் போடச் சொன்னனான். கை குளிருது எண்டும் அவ சொன்னவ. இதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கோ."

குரல் மறுத்தது. "மன்னிக்கணும் ஐயா. டாக்டர் பக்கத்துல இருக்கும்போது சொன்னாதான் நான் மொழிபெயர்க்க முடியும். தனியா பேச எங்களுக்கு அனுமதி இல்லைங்க." பிறகு, தயங்கி, "அவர் வந்ததும் சொல்லுங்க. நான் இருக்கேன்" என்றது.

ஆனால் மருத்துவரும் மனைவியும் ஒன்றாகத்தான் திரும்பி வந்தார்கள். திரும்பவும் உள்ளே கொண்டுபோய் உறைந்த இரத்தத்தை எடுக்கப் பார்க்கப் போவதாக மருத்துவர் சொன்னார். நம்பிக்கை கொடுக்க முடியாது என்றும் சொன்னார். அவர் சொன்னதுதான் நடந்தது. மணிக்கட்டு நாளம் போயிற்று. பிறகு முழங்கையில் இருந்ததை எடுத்துத் தைத்தார்கள். இன்றைக்கு டயாலிசிஸுக்கு என் இரத்தம் அதில்தான் போய் வருகிறது. இனி மிச்சம் ஒன்றும் இல்லை.

நாளம் போகும் என்பது அந்த நேரத்திலேயே எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. தெரியாதது, எந்த மொழியில் சொல்வது என்பதுதான். குரலிடம் தமிழில் சொன்னால் அவளுக்கும் கேட்கும். அவள் முன்னால் அவளுக்கு நான் செய்ததைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருத்துவர் திரையை நிறுத்தக் கையை நீட்டினார். நான் ஆங்கிலத்தில், வேகமாக, மூச்சு விடாமல் சொன்னேன். பொத்தான் போட்டது அவள், போட வைத்தது நான். வந்தவர்களுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது. கை குளிர்ந்துவிட்டது என்று அவள் சொன்னபோது நான் கேட்கவில்லை. அவள் மேல் பிழை இல்லை. தயவுசெய்து அப்படி நினைக்க வேண்டாம்.

பொடியன் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தார். யார் செய்தது என்பது இனி நாங்கள் செய்யப்போகிற வைத்தியத்தை மாற்றாது ஐயா என்று சொல்லிவிட்டுத் திரையை நிறுத்திக்கொண்டு வெளியே போனார். பச்சை வெளிச்சம் அணைந்தது.

மனைவி கட்டிலின் பக்கத்தில் வந்து நின்றாள். கடைக்குப் போய் வரப் போதுமான ஆங்கிலம் அவளுக்குத் தெரியும். அந்த வேகத்தில் பேசினால் விளங்காது என்று எனக்குத் தெரியும்.

"என்ன அவ்வளவு நேரம் சொன்னனீங்கள்?"

"கை நோகுது எண்டு சொன்னனான்" என்றேன்.

நோகத் தொடங்கித்தான் இருந்தது. மருந்து கழன்றுகொண்டிருந்தது. முதலில் பெருவிரலில் ஊசி குத்துவது போல, பிறகு மணிக்கட்டு முழுவதும்.

"அவர் நோவுக்கு மருந்தொண்டும் தராமப் போட்டாரே" என்றாள் அவள். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். நடைகூடத்தில் யாரையோ மறித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என் கணவருக்குக் கடுமையாக நோகிறது, யாராவது வந்து பாருங்கள் என்று அவள் கேட்பது எனக்குக் கேட்டது. அவர் போய்விட்டார் போலிருக்கிறது. அவள் வேறொருவரை மறித்துத் திரும்பவும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினாள்.